பங்கு போட்ட கார்

மகன் ஹார்லனின் காரைக் கேட்டு அவன் சிநேகிதர்கள் ஹாய்ட்டும் ரூபனும் வந்து நின்றபோது நெல்டா ப்ரூவெட் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். விமானத் தொழிற்சாலையில் ரிவெட் அடிக்கிற வேலை. தலையில் துணியைக் கட்டிக்கொண்டே கதவைத் திறந்தாள். இரண்டு பேரும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பெல் கார்டன்ஸ் தெருச் சேற்றை முழங்கால் வரை அப்பிக்கொண்டு, வாத்தியாரிடம் அடி வாங்க வந்தவர்களைப் போல மழையில் நின்றார்கள். இருபத்தைந்து வயதுக் கழுதைகள். ஹாய்ட்டுக்குச் சின்ன வயசுக் காய்ச்சலில் ஒரு கால் சூம்பிப் போயிருந்தது. ரூபன் அர்மென்டா கப்பல் கட்டும் துறையில் வெல்டிங் செய்தான். அதனால் இருவரையும் ராணுவம் எடுக்கவில்லை.

தந்தி வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பிலிப்பைன்ஸில் ஜப்பானியரிடம் பிடிபட்ட கைதிகளை ஏற்றிப் போன கப்பல் மூழ்கிவிட்டது, உங்கள் மகனும் அதில் இருந்தார், ஆழ்ந்த வருத்தம். வருத்தப்படுவதற்கென்றே ராணுவத்தில் சம்பளம் கொடுத்து ஒருவனை உட்கார வைத்திருப்பார்கள் போலிருக்கிறது. நெல்டாவின் புருஷன் எப்போதோ போய்விட்டான். ஹார்லன் ஒரே பிள்ளை.

ஹாய்ட்தான் பேசினான். அவன்தான் இவர்கள் கார்ப் பந்தயச் சங்கத்துக்குத் தலைவன். சங்கத்தின் பெயர் ஓணான்கள். நாள் முழுக்க வெயிலில் காய்ந்துகொண்டு கிடப்பவர்களுக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. எங்க சங்கத்துல ஒரு வழக்கம் இருக்கு. ஆள் போய்ட்டா அவன் வண்டிய சும்மா நிக்க விடறதில்ல. ஆளுக்கு ஒரு சாமானா எடுத்து அவங்கவங்க வண்டில மாட்டிக்குவோம். காஞ்ச ஏரில எங்க வண்டி ஓடறப்போ அவனும் ஓடின மாதிரி."

போருக்கு இரும்பு சேர்க்கிறவர்கள் ஏற்கெனவே இரண்டு தடவை வந்து, ஷெட்டில் சும்மா நிற்கிற காரைக் கொடுத்தால் பீரங்கிக் குண்டாவது செய்யலாமே என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ரூபன் அதைத்தான் நினைவுபடுத்தினான். உருக்கி ஊற்றுவதைவிட இது மேல் இல்லையா என்றான்.

அந்தக் காரை அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. ஓக்லஹோமாவில் நிலம் புழுதியாகிக் காற்றோடு போன பிறகு பிழைப்புத் தேடி மேற்கே வந்த குடும்பம் அவர்களுடையது. தார்க்காகிதம் அடித்த வீடு, பின்னால் ஒரு தகர ஷெட், இரண்டு ஆடு. லாஸ் ஏஞ்சலஸ் பணக்கார வீட்டுப் பையன்கள் கடைக்குப் போய் வேகமான காரை வாங்கினார்கள். வாங்க வக்கில்லாத பையன்கள் பழைய இரும்புக் கடைக்குப் போனார்கள். அப்படித்தான் இந்தப் பைத்தியம் தொற்றியது. ஹார்லன் ஒரு பழைய ஃபோர்டின் உடம்பைக் கோழிப்பண்ணையிலிருந்து இழுத்து வந்தான். அதற்குள் கோழி அடைந்துகொண்டிருந்தது. சேஸிஸ் என்கிற அடிச்சட்டம் பள்ளத்தில் உருண்ட வேறொரு ஃபோர்டுடையது. எட்டு சிலிண்டர் என்ஜின், வெள்ளத்தில் மாட்டிய பால் வண்டியுடையது. மட்கார்டு, கூரை, பம்பர் என்று எடையாகத் தெரிந்ததையெல்லாம் கழற்றி எறிந்தான். ஒரு கார்பரேட்டர் போதாதென்று இரண்டு வைத்தான். பின்னாளில் பத்திரிகைக்காரர்கள் இந்த மாதிரி வண்டிகளுக்கு ஹாட் ராட் என்று பெயர் சூட்டி, ஓட்டுகிறவனையெல்லாம் ரௌடி என்று எழுதித் தள்ளினார்கள். அன்றைக்குப் பெயரெல்லாம் கிடையாது. என் வண்டி என்பார்கள், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் மலை தாண்டிப் பாலைக்குப் போய்விடுவார்கள். மியூராக் ஏரி. ஏரி என்று பேர்தான், சொட்டுத் தண்ணீர் இருக்காது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளைக் களிமண் காய்ந்து தட்டையாகக் கிடக்கும். அதில் ஐந்தாறு கார்களை ஒரே வரிசையில் நிறுத்தி விரட்டுவார்கள். முந்துகிறவனுக்கு வழி தெரியும், பிந்துகிறவனுக்குப் புழுதிதான் தெரியும். எத்தனையோ பையன்களை அங்கிருந்து தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஹார்லன் திரும்பி வருகிற வரையில் நெல்டா வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்புறம் ராணுவம் அந்த ஏரியை எடுத்துக்கொண்டது. கொஞ்ச நாளில் பையனையும் எடுத்துக்கொண்டது.

பிள்ளையை விழுங்கியது கார் இல்லை, கடல். ஆனாலும் அந்தக் காரைத் தினமும் பார்க்க அவளால் முடியவில்லை. கட்டைகளின் மேல் தார்ப்பாய் போர்த்தி நிற்பது பிணத்தைப் போர்த்தி வைத்த மாதிரியே இருந்தது.

"எடுத்துட்டுப் போங்க," என்றாள்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்து பார்த்தபோது ஷெட்டில் நாலு மரக்கட்டைகளும் எண்ணெய்க் கறையும்தான் இருந்தன. தரையைக்கூடப் பெருக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சரி, மகனைத் தலைமுழுகியாயிற்று என்று நினைத்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள்.

செப்டம்பரில் போர் முடிந்து இன்னொரு தந்தி வந்தது. உங்கள் மகன் உயிரோடு இருக்கிறார்.

நடந்தது இதுதான்: அந்தக் கப்பலில் ஏற்ற வேண்டியவர்கள் பட்டியலில் ஹார்லன் பெயர் இருந்தது. வயிற்றுப்போக்கில் நிற்க முடியாமல் விழுந்து கிடந்ததால் அவனை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அடுத்த கப்பலில் ஜப்பானுக்குக் கொண்டுபோய் நிலக்கரிச் சுரங்கத்தில் தள்ளினார்கள். பெயரை அடிக்க யாரும் மெனக்கெடவில்லை.

நெல்டா செருப்பில்லாமல் தெருவில் ஓடினாள். தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரையும் கட்டிக்கொண்டாள். ஆட்டைக்கூடக் கட்டிக்கொண்டாள். வீட்டுக்குத் திரும்பி வரும்போதுதான் ஷெட் கண்ணில் பட்டது. பெற்ற மகன் உயிரோடு இருக்கும்போதே அவன் சாமானை எடுத்துக் கொடுத்துப் பங்கு போடச் சொன்னவள் அவள். யாரும் வற்புறுத்தவில்லை. அவள் வாயால் அவளே சொன்னது.

அக்டோபரில் அவன் வந்தான். பாதி ஆளாக வந்தான். பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து வந்து, அவளைக் கட்டிக்கொண்டு, அவள் அழுது முடிக்கிற வரை முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு, ராணுவத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் நேரே ஷெட்டுக்குப் போனான். அவள் பின்னாலேயே ஓடினாள். அவன் வாசலில் நின்று உள்ளே பார்த்தான்.

அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. தந்தி, ஹாய்ட், சங்கத்து வழக்கம், தான் சம்மதித்தது எல்லாவற்றையும் சொன்னாள். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"சரி," என்றான். பிறகு சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டான்.

அவன் கோபப்படவே இல்லை. ஹாய்ட்டும் ரூபனும் மற்ற ஓணான்களும் கண்ணீரும் பீருமாக வந்து நின்றபோதும் கோபப்படவில்லை. காரைப் பற்றி ஹாய்ட் பேச்செடுத்ததும் அவன் தோளில் தட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போனான். பகலில் வீட்டுக்குள் இருக்க மாட்டான். காலி ஷெட்டில் ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்திருப்பான். நெல்டா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒரு மத்தியானம் பொறுக்க மாட்டாமல் போய், இந்த வெறும் தரையில் என்னடா இருக்கிறது என்று கேட்டாள்.

அவன் யோசித்துவிட்டுச் சொன்னான்:

"சுரங்கத்துலேருந்து வந்து படுத்தா தூக்கம் வராது. மத்தவனுங்க சாப்பாட்டப் பத்தியே பேசுவானுங்க. அவங்கவங்க அம்மா சுடற கோழி, பீச் பழப் பலகாரம்னு. எனக்கு அதக் கேட்டா வயிறு எரியும். நான் வண்டியப் பிரிப்பேன். மனசுலதான். ரேடியேட்டர்ல ஆரம்பிச்சு பின் அச்சு வரைக்கும் பிரிச்சுட்டு, திரும்ப மாட்டுவேன். ஒரு நட்டு விட்டுப்போனாலும் முதல்லேருந்து. நாளைக்கு எழுந்திருக்கணுமான்னு இருக்கும். வண்டி பாதில நிக்குதே, மாட்டி முடிக்கணுமேன்னு எழுந்துடுவேன். எங்க போய்டப் போவுது, அம்மா வீட்டு ஷெட்டுலதான நிக்குதுன்னு நெனச்சுக்குவேன்."

அவளைக் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. கேட்டாள், சொன்னான். ஆனால் அங்கே அவன் உயிரைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்த ஒரே சாமானை இங்கே அவள் அள்ளிக் கொடுத்திருக்கிறாள். இந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்த் தொலைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. கார் திரும்பி வந்து நின்றால் பையனும் முழுசாகத் திரும்பி வந்துவிடுவான் என்று ஒரு எண்ணம் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

மறுநாளே ஹாய்ட் வீட்டுக்குப் போனாள். ரூபன் வீட்டுக்குப் போனாள். வண்டியின் உடம்பை வைத்திருந்தவன், கியர்பாக்ஸை வைத்திருந்தவன், ஒருவனையும் விடவில்லை. காலில் விழாத குறைதான். அவ்வளவு தேவையே இருக்கவில்லை. அந்தப் பையன்களைப் பற்றி யார் என்ன சொன்னாலும் சொல்லட்டும், ஒருவனும் முகம் சுளிக்கவில்லை. போர் முடிந்து ஏரி திறக்கப் போகிறது, ஆளாளுக்குத் தன் வண்டியைத் தீட்டிக்கொண்டிருந்த நேரம். அத்தனை பேரும் தங்கள் வண்டியைப் பிரித்து ஹார்லனுடைய சாமானை எடுத்து வைத்தார்கள். ஹாய்ட்டின் வண்டி என்ஜின் இல்லாமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"அவன் விட்டுட்டுப் போன மாதிரியே வேணும்பா," என்றாள் நெல்டா.

"அத விட நல்லா வரும் பாருங்கம்மா," என்றான் ஹாய்ட்.

அதில்தான் எல்லாம் இருந்தது. கையில் கிடைத்த சாமானைக் கிடைத்தபடியே மாட்டுகிற பழக்கம் இவர்கள் குலத்திலேயே கிடையாது. ஹார்லனின் நினைவாக வாங்கிப்போன பொருள் என்பதற்காக அதைச் சும்மா வைத்திருப்பார்களா? செத்த நண்பனுக்கு மரியாதை என்றால் இன்னும் வேகமாக ஓட வைப்பதுதான் மரியாதை. ஹாய்ட் சிலிண்டர்களைக் குடைந்து பெரிதாக்கியிருந்தான். சிலிண்டர்களுக்கு மூடியான ஹெட்டின் அடியைச் செதுக்கி, வாயு இன்னும் இறுக அமுங்கும்படி செய்திருந்தான். வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம் ஷாஃப்டைப் புதுக் கணக்கில் தீட்டியிருந்தான். சேஸிஸின் பின்பக்கத்தை வெட்டி வளைத்து வண்டி தரையை ஒட்டி நிற்கும்படி ஆக்கியிருந்தார்கள். உடம்பை வாங்கியவன் டாஷ்போர்டையே மாற்றிவிட்டான்.

ஹாய்ட்டின் கொட்டகையில் வண்டியைச் சேர்த்துக்கொண்டிருந்தபோது நெல்டா சோள ரொட்டியும் பீன்ஸும் கொண்டுபோனாள். முன் அச்சு நெடுக வட்ட வட்டமாக ஓட்டை போட்டிருந்ததைப் பார்த்து, இது முன்னால் இருந்ததா என்று ரூபனிடம் கேட்டாள். எடை குறைய நான்தான் போட்டேன் என்றான் பெருமையாக. அவள் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஒரு தகட்டில் ஓட்டை மயிரிழை பெரிதானாலும் அதைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். அவளுக்கு என்னவோ சுருக்கென்றது. ஆனால் பையன்களின் முகம் பளபளவென்றிருந்தது. தனக்கு என்ன தெரியும் என்று இருந்துவிட்டாள். அங்கேதான் அவள் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்திருந்தாலும் காலம் கடந்துவிட்டிருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிறு மதியம் வண்டியைத் தெருவில் ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார்கள். ஓணான் சங்கத்தின் அலுமினியத் தகடு பின்னால் புதிதாகத் தொங்கியது. ஹார்லன் வெளியே வந்தான். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அவன் முகத்தில் பழைய பையனை நெல்டா பார்த்தாள். பானட் இல்லாத என்ஜினை நோக்கி அவன் கை தானாக நீண்டது. ஹெட்டின் விளிம்பில் விரல்களை வைத்தான். விரல்கள் நின்றன. கொஞ்சம் நகர்ந்து, இன்னோர் இடத்தில் வைத்தான். இருட்டில் சுவிட்சைத் தேடுகிறவனைப் போலத் தடவிக்கொண்டே வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

"ஹெட்டச் செதுக்கியிருக்க," என்றான்.

"செதுக்காம? நீ விட்டுட்டுப் போனப்போ அதுக்கு மூச்சு வாங்கும்டா. இப்ப மணிக்கு நூத்தி முப்பது மைல் போவும்," என்றான் ஹாய்ட்.

ஹார்லன் சிரித்தான். ஒவ்வொருவன் கையையும் பிடித்து நன்றி சொன்னான். வளர்ப்பு அப்படி.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் முயற்சி செய்தான். அதைச் சொல்லியாக வேண்டும். டயர் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. வேலை விட்டு வந்ததும் ஷெட்டுக்குப் போய் வண்டியோடு உட்காருவான். கண்ணை மூடிக்கொண்டு என்ஜின் மேல் கையை வைத்திருப்பதை நெல்டா எத்தனையோ தடவை பார்த்தாள். பிறகு கண்ணைத் திறந்து பார்ப்பான். திரும்ப மூடுவான். ஸ்டார்ட் செய்து, தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டுவிட்டு அணைத்துவிடுவான். வண்டியில் ஒரு குறையும் இல்லை. தெருவே அதிர்ந்தது. நெல்டாவுக்குக்கூட இப்போது அந்தச் சத்தம் பிடித்திருந்தது. மகனுக்குப் பிடிக்க வேண்டுமே என்று ஆண்டவனிடம் கேட்டுக்கொண்டாள்.

ஏப்ரலில் எல் மிராஜ் ஏரியில் போருக்குப் பிறகான முதல் ஓட்டங்கள் நடந்தன. மியூராக்கை ராணுவம் திருப்பித் தரவில்லை. நெல்டாவும் போனாள், வாழ்க்கையில் முதல் தடவையாக. வறுத்த கோழியும் பீச் பழப் பலகாரமும் கட்டி எடுத்துக்கொண்டு, மகன் பக்கத்தில் காற்றில் பல் கடித்துக்கொண்டு உட்கார்ந்து போனாள். இப்போதெல்லாம் கூட்டமாக விரட்டுவதில்லை, ஒவ்வொரு வண்டியாக விட்டு நேரம் பார்க்கிறார்கள் என்று ரூபன் அவளுக்குத் தைரியம் சொன்னான்.

ஹார்லன் முறை வந்தது. தூரத்தில் ஒரு புள்ளி கிளம்பி, பின்னால் புழுதி வாலை நீட்டிக்கொண்டு, காது கிழிய அவர்களைத் தாண்டிப் போயிற்று. நூற்றி முப்பத்தொன்று என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஓணான் சங்கத்தில் ஒருவனும் அதுவரை போகாத வேகம். ஹாய்ட் சூம்பின காலோடு குதித்தான். ரூபன் நெல்டாவைத் தூக்கிச் சுற்றினான். அவளும் சிரித்தாள், எல்லாம் சரியாகிவிட்டது என்று அந்தக் கணம் நிஜமாகவே நம்பினாள்.

அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு மெதுவாக வந்தான். கண்ணாடியைக் கழற்றினான். முகம் முழுக்க வெள்ளைப் புழுதி, கண்ணைச் சுற்றி மட்டும் தோல் தெரிந்தது. வேகத்தைச் சொன்னார்கள். தலையாட்டினான். எப்படி இருந்தது என்று ஹாய்ட் கேட்டதற்கு, நல்ல வண்டி என்றான். பக்கத்து வீட்டுக்காரன் வண்டியை இரவல் வாங்கி ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறவன் சொல்வதைப் போலச் சொன்னான். நெல்டாவுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அடுத்த சனிக்கிழமை காலையில் ஷெட்டில் ஸ்பேனர் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தாள். அவன் வண்டியைப் பிரித்துக்கொண்டிருந்தான். அவசரமே இல்லை. ரேடியேட்டரும் முன் அச்சும் ஏற்கெனவே தரையில் இருந்தன. ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து, யாருடைய பங்கோ அவனுக்கென்று தனித்தனியாக வைத்திருந்தான்.

"என்னடா பண்ற?"

"திருப்பிக் குடுத்துடப் போறேன். ஹாய்ட்டு வண்டி என்ஜின் இல்லாம நிக்குதும்மா. பாவம், எத்தன ஆசையா வெச்சிருந்தான்."

வேண்டாம்டா, பிடிக்கவில்லையென்றால் ஹாய்ட்டிடம் சொல்லிப் பழைய மாதிரியே மாற்றிவிடலாம் என்று கெஞ்சினாள்.

"செதுக்கினத ஒட்ட வைக்க முடியுமா?" என்றான். வண்டியின் மேல் குற்றமில்லை, அவர்கள் மேலும் குற்றமில்லை என்றான். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, அவன் வந்த நாளிலிருந்து முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தான்.

"நீ அன்னைக்கு இதத் தூக்கிக் குடுத்தியே, அது சரிதாம்மா. அதயே மனசுல போட்டு ஒழப்பிக்காத. எனக்குத் தெரியுது, நீ தூங்கறதே இல்ல. நீ ஒண்ணும் தப்புப் பண்ணல. இந்த வண்டிக்காரன் செத்துட்டான்னு சொன்னாங்க, நீ நம்பின. நெஜமாத்தான் செத்துட்டான். நான் அங்கயே இருந்தேன், எனக்குத் தெரியும்."

ஆறுதலாகத்தான் சொன்னான். சின்ன வயசில் அவள் விரலில் ஊசி குத்திக்கொண்டால் ஊதிவிடுவானே, அந்தக் குரலில் சொன்னான். தப்பில்லை என்கிற அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் செப்டம்பரிலிருந்து தவித்துக்கொண்டிருந்தாள். கிடைத்துவிட்டது. அழுவதற்குக்கூட அவளுக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

அவன் குனிந்து கியர்பாக்ஸின் ஒரு முனையைப் பிடித்தான். ஒரு ஆளால் தூக்க முடியாத கனம். அந்தப் பக்கம் பிடிக்கிறாயா என்று கேட்டான். நெல்டா ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, குனிந்து, மறுமுனையைப் பிடித்துத் தூக்கினாள்.